ஃபாஸ்டிஃபை ஆட்டோலோட்: காரைக்குடியிலிருந்து ஒரு ரிவ்யூ

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) பேக்கெண்ட் எழுதும் சின்ன டீம் என்றால், ஃபாஸ்டிஃபை என்கிற வெப் ஃபிரேம்வொர்க்கோடு சேர்த்து மாட்டிக்கொள்கிற ஆட்டோலோட் பிளகினைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரூட் (எந்த யூஆர்எல்லுக்கு எந்தக் கோடு பதில் சொல்லும் என்பது) எல்லாம் ஃபோல்டர் வாரியாக நிற்கும், புதிதாக யார் வந்து பார்த்தாலும் புரியும். ஆனால் ஹூக் (ரிக்வெஸ்ட் வரும்போது இடையில் ஓடுகிற கோடு) சம்பந்தமான செட்டிங்கை முதல் நாளே எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட வேண்டும். அதை விட்டால் லாகின் செய்யாதவருக்கும் ஆர்டர் விவரம் போய்ச் சேரும். இந்த ரிவ்யூவில் பாதி அதைப் பற்றித்தான்.

எங்கள் வேலை காரைக்குடியில். ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் ஒரு பட்டறைக்கு ஆர்டர் சிஸ்டம் எழுதிக் கொடுத்துப் பராமரிக்கிறோம். ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல் அது. சூளை கிடையாது, எல்லாம் கைவேலை. அதனால் ஆர்டர் என்பது ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. கல் வார்ப்பில் இருக்கிறதா, ஊறலில் இருக்கிறதா, காய்கிறதா, லாரி ஏறிவிட்டதா என்று வீடு கட்டுகிறவர் கேட்டுக்கொண்டே இருப்பார். டிசைன், அளவு, கலர், ஆர்டர், நிலை, லாரி என்று யூஆர்எல் எண்ணிக்கை தன்னால் ஏறிவிடும்.

இன்னொரு பக்கம், ஆட்கள். காரைக்குடியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, நல்ல பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள், ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள், கற்றுக்கொண்டதும் சென்னை, பெங்களூரு என்று கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், நல்ல இடத்துக்குத்தானே போகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதிய கோடு இங்கேதான் இருக்கிறது, அடுத்து வருகிறவர் அதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும் என்றால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிய வேண்டும். நான் எந்த டூலைப் பார்த்தாலும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். ஆட்டோலோட் இதில் நன்றாகவே தேறுகிறது.

பட்டறை அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, கல்லு எந்த நிலைல இருக்குன்னு பார்க்கிற பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்க" என்றால், "பார்க்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு லாக்கைத் திறந்தால் போதும். ஃபாஸ்டிஃபையில் லாகரை ஆன் செய்திருந்தால் வருகிற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் யூஆர்எல்லும் அதன் லாகரான பைனோவின் லாக்கில் விழும். ஆர்டர்ஸ், அதற்குப் பின் ஒரு எண், அதற்குப் பின் ஸ்டேட்டஸ் என்று யூஆர்எல் இருந்தால் கோடு இருக்கும் இடம் ரூட்ஸ்/ஆர்டர்ஸ்/_ஆர்டர்ஐடி/ஸ்டேட்டஸ். நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூடப் போய் நிற்கும். பெரிய ஃபைலில் கன்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடி, ஒரே பெயரில் நாலு இடம் வந்து, எது நிஜம் என்று யோசிக்கிற வேலையே இல்லை.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? ஃபாஸ்டிஃபையில் எல்லாமே பிளகின்தான். ரூட் எழுதுவதும் ஒரு பிளகினுக்குள், அதை ரெஜிஸ்டர் செய்யும்போது ஒரு பிரிஃபிக்ஸ், அதாவது யூஆர்எல்லின் முன்பகுதி, கொடுக்கலாம். நிறைய ரூட் ஆனதும் மெயின் ஃபைலில் ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர் என்று வரிசையாக எழுத வேண்டியிருக்கும், யாராவது ஒன்றை எழுத மறப்பார்கள். ஆட்டோலோட் அந்த வரிசையை உங்களுக்குப் பதிலாக எழுதுகிறது, அவ்வளவுதான். எந்த ஃபோல்டர் என்று ஒரு முறை சொன்னால், சர்வர் கிளம்பும்போது உள்ளே இறங்கிப் பார்த்து, ஒவ்வொரு ஃபைலையும் பிளகினாக ரெஜிஸ்டர் செய்து, ஃபோல்டர் பெயரைப் பிரிஃபிக்ஸாக வைத்துவிடும். கிளம்பிய பிறகு அதற்கு வேலை இல்லை. ரிக்வெஸ்ட் வரும்போது ரூட்டைத் தேடுவது ஃபைண்ட்-மை-வே என்கிற ரூட்டர், அது ரேடிக்ஸ் மரத்தில் (யூஆர்எல்களின் பொதுவான தொடக்கத்தை ஒரே கிளையாக வைக்கும் அமைப்பு) தேடுகிறது. ஆகவே ஃபோல்டர் அதிகமானால் சர்வர் மெதுவாகிவிடுமா என்று பயப்பட வேண்டாம்.

பிஎச்பி காலத்து ஆட்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சர்வரில் ஒரு ஃபைலைப் போட்டால் அதன் பெயரே யூஆர்எல், அப்படித்தான் அவர்கள் வளர்ந்தார்கள். 2010ல் நோட்டுக்கான எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க் வந்த பிறகு ரூட்டைக் கோடிலேயே எழுதுவது வழக்கமானது. 2016ல் நெக்ஸ்ட் ஜேஎஸ் வந்து, பேஜஸ் ஃபோல்டரில் ஃபைல் போட்டால் அதுவே பக்கம் என்று பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட் எல்லாம் இதே பாதைதான். ஃபாஸ்டிஃபை ஆட்டோலோட் இவற்றோடு ஒப்பிட்டால் அடக்கமான சரக்கு. முழு ஃபிரேம்வொர்க்கையும் தன் வழக்கத்துக்கு வளைப்பதில்லை, வேண்டாம் என்றால் அந்த ஒரு ரெஜிஸ்டர் வரியை எடுத்துவிட்டுக் கையால் எழுதிக்கொள்ளலாம், ரூட் ஃபைல்கள் அப்படியே ஓடும். எனக்கு இது ரொம்பப் பிடித்த குணம். நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்கிற டூலைத்தான் வாடிக்கையாளர் சிஸ்டத்தில் தைரியமாக வைக்க முடியும்.

நெக்ஸ்ட்டின் பேஜஸ் ஃபோல்டர், நக்ஸ்ட் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஃபைல் பெயரும் யூஆர்எல்லில் சேரும். இங்கே சேராது, ஃபோல்டர் பெயர் மட்டும்தான். டிசைன்ஸ் ஃபோல்டருக்குள் லிஸ்ட்.ஜேஎஸ், கிரியேட்.ஜேஎஸ் என்று இரண்டு ஃபைல் வைத்தால் இரண்டுக்கும் பிரிஃபிக்ஸ் ஒன்றுதான், டிசைன்ஸ். முதலில் குறையாகத் தோன்றும், யோசித்தால் வசதி. ஒரே யூஆர்எல்லுக்கு கெட் (படிக்கிற மெத்தட்) ஒரு ஃபைலிலும் போஸ்ட் (சேர்க்கிற மெத்தட்) ஒரு ஃபைலிலும் இருக்கலாம், பெயரை உங்களுக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஒரே மெத்தடில் ஒரே யூஆர்எல்லை இரண்டு ஃபைலில் எழுதிவிட்டால் ஃபாஸ்டிஃபை கிளம்பும்போதே எரர் கொடுத்து நின்றுவிடும், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதைச் சத்தமில்லாமல் மறைக்கிற ஆபத்து இல்லை.

இண்டெக்ஸ் விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஃபோல்டரில் இண்டெக்ஸ்.ஜேஎஸ் இருந்தால் அந்த ஃபைலும் உள்ளே இருக்கும் சப்-ஃபோல்டர்களும்தான் லோட் ஆகும், பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபைல்கள் லோட் ஆகாது. எரர் வராது, வார்னிங் வராது, அந்த ரூட்டுக்கு 404 (அப்படி ஒரு பக்கமே இல்லை) மட்டும் வரும். லிஸ்ட்.ஜேஎஸ்ஸும் கிரியேட்.ஜேஎஸ்ஸும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஃபோல்டரில் ஒருவர் நல்லெண்ணத்தோடு இண்டெக்ஸ்.ஜேஎஸ் ஒன்றைச் சேர்த்தால் பழைய இரண்டும் ஒரே நொடியில் காணாமல் போகும். டாக்குமெண்டேஷனில் இந்த விதி தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் சேர்க்கிறவர் அதைப் படித்திருக்க வேண்டுமே. எங்கள் புரோஜெக்டில் ரூட் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் இண்டெக்ஸ்.ஜேஎஸ் மட்டும்தான், வேறு ரூட் ஃபைலே கிடையாது என்று வைத்துக்கொண்டோம். ஃபைல் பிரித்து வைக்கிற வசதி போனது போனதுதான், ஆனால் புதியவருக்குச் சொல்ல ஒரே வாக்கியம் போதும். நீங்கள் இதற்கு நேர் எதிராக, இண்டெக்ஸே வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலக்காதீர்கள்.

கணக்கு பார்க்கிற ஃபங்ஷன், டேட்டாபேஸ் கொயரி, வாட்ஸப் மெசேஜ் அனுப்புகிற கோடு இதையெல்லாம் ரூட்ஸ் ஃபோல்டருக்குள் போடவே கூடாது. ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்கிற ஃபைல் எதைப் பார்த்தாலும் ஆட்டோலோட் அதைப் பிளகின் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு சதுர அடிக்கு எத்தனை கல் என்று கணக்குப் போடுகிற ஃபைலைக் கொண்டுபோய் அது ரெஜிஸ்டர் செய்தால் யாருக்கு என்ன லாபம்? டெஸ்ட் ஃபைலைப் பக்கத்திலேயே வைக்க ஆசைப்பட்டால் இக்னோர்பேட்டர்ன் கொடுத்து ஒதுக்கலாம், அல்லது அந்த ஃபைலில் ஆட்டோலோட் என்பதை ஃபால்ஸ் என்று எக்ஸ்போர்ட் செய்யலாம். நான் தனி ஃபோல்டர் கட்சி. ரூட்ஸில் முகவரி, சர்வீசஸில் வேலை. ரூட் ஃபைல் வருகிறதைச் சரிபார்த்து, வேலையை உள்ளே அனுப்பி, பதிலைத் திருப்பித் தருவதோடு நிற்கட்டும். அப்படி வைத்தால் நாளைக்கு யூஆர்எல்லை மாற்ற வேண்டும் என்றால் ஃபோல்டரை நகர்த்தினால் போதும், உள்ளே இருக்கும் கணக்கு எதுவும் அசையாது.

ஐடி வருகிற ரூட்டுக்கு ரூட்பாராம்ஸ் என்கிற செட்டிங்கை ட்ரூ என்று வைக்க வேண்டும், தானாக ஆன் ஆகி வராது. ஆன் செய்தால் அண்டர்ஸ்கோரில் தொடங்கும் ஃபோல்டர், யூஆர்எல்லில் கோலன் போட்ட பாராமீட்டராக மாறும். கோலனையே ஃபோல்டர் பெயரில் வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸில் ஃபைல் பெயரில் கோலன் வைக்க முடியாது. நெக்ஸ்ட்டின் சதுர அடைப்பைவிட அண்டர்ஸ்கோர் எனக்கு நிம்மதி, ஏனென்றால் டெர்மினலில் சதுர அடைப்புக்கு வேறு அர்த்தம் உண்டு, ஒவ்வொரு முறையும் மேற்கோள் குறி போட வேண்டியிருக்கும். ஒரே ஒரு யோசனை, எல்லா இடத்திலும் வெறும் _ஐடி என்று வைக்காதீர்கள். டிசைனுக்கு _டிசைன்ஐடி, ஆர்டருக்கு _ஆர்டர்ஐடி என்று முழுசாக வையுங்கள், ஃபோல்டர் ஆழமாகப் போகும்போது எந்த ஐடி எது என்று குழம்பாது.

எக்ஸ்பிரஸில் இதே மாதிரி சொந்தமாக லோடர் எழுதி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எக்ஸ்பிரஸ் ரூட்டை எழுதிய வரிசையில்தான் பார்க்கும். டிசைன்ஸ்/:ஐடி முதலில் ரெஜிஸ்டர் ஆகிவிட்டால், டிசைன்ஸ்/நியூ என்று கேட்டாலும் நியூ என்பதையே ஐடியாக எடுத்துக்கொண்டு அதற்குள் போய்விடும். ஃபோல்டரைப் படிக்கிற வரிசையை நம்பி ரூட் ரெஜிஸ்டர் ஆகும்போது இது பெரிய தலைவலி. ஃபாஸ்டிஃபையின் ரூட்டர் எது முதலில் எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை, நிலையான பெயருக்குத்தான் முதல் மரியாதை, பாராமீட்டருக்கு அப்புறம்தான். ஃபோல்டர் வழி ரூட்டிங்குக்கு ஃபாஸ்டிஃபை இயல்பாகப் பொருந்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது ஹூக் விஷயம். ஆட்டோஹூக்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு ஒரு ஃபோல்டரில் ஆட்டோஹூக்ஸ்.ஜேஎஸ் என்று ஃபைல் வைத்தால், அதில் எழுதிய ஹூக் அந்த ஃபோல்டரின் ரூட்களுக்கு முன்னால் ஓடும். லாகின் சரிபார்க்க அருமையான இடம். அட்மின் ஃபோல்டரில் ஒரு ஃபைல் வைத்தால் அட்மின் முழுக்கப் பாதுகாப்பு என்றுதான் பார்க்கிற எவரும் நினைப்பார்கள். ஆனால் முன்னிருப்பாக அந்த ஹூக் அந்த ஒரு ஃபோல்டரோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் சப்-ஃபோல்டருக்கு இறங்காது. இறங்க வேண்டும் என்றால் கேஸ்கேட்ஹூக்ஸ் என்பதையும் ட்ரூ என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அட்மின் பூட்டியிருக்கும், அட்மினுக்குக் கீழே இருக்கும் ஆர்டர் பட்டியல் திறந்திருக்கும்.

செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்னால் இருக்கிற கதவு திறந்திருந்தால் பின்தெருவிலிருந்து நேராக நுழைந்துவிடலாம். ரூட்டும் அப்படித்தான். ஃபோல்டர் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, வருகிற ரிக்வெஸ்ட் ஒவ்வொரு ஃபோல்டராகத் தாண்டித்தான் உள்ளே வரும் என்று மனசு நம்பிவிடுகிறது. அப்படி வருவதில்லை. ஒவ்வொரு யூஆர்எல்லும் தெருவைப் பார்த்த தனி வாசல், எந்த வாசலில் எந்த ஹூக் மாட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

ஓவர்ரைட்ஹூக்ஸ் என்று இன்னொரு செட்டிங் இருக்கிறது, அதை ஆன் செய்தால் உள்ளே வேறொரு ஆட்டோஹூக்ஸ் ஃபைல் வந்ததும் மேலிருந்து வந்த ஹூக் அறுந்து, புதிதாகத் தொடங்கும். லாகின் சோதனை மேலே இருந்து, கீழே ஒருவர் லாக் எழுதுவதற்காக மட்டும் ஒரு ஆட்டோஹூக்ஸ் ஃபைல் சேர்த்தால் லாகின் போய்விடும். எனக்கு இந்த செட்டிங் தேவைப்படவே இல்லை, உங்களுக்கும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இதைவிடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. லாகின் சோதனையை ரூட்ஸ் ஃபோல்டரிலேயே வைக்காமல், பிளகின்ஸ் ஃபோல்டரில் ஃபாஸ்டிஃபை-பிளகின் கொண்டு சுற்றிய (அப்படிச் சுற்றினால்தான் ஹூக் வெளியே உள்ள ரூட்களுக்கும் பொருந்தும்) ஒரு பிளகினாக, ரிக்வெஸ்ட் வந்ததும் ஓடுகிற ஆன்ரிக்வெஸ்ட் ஹூக்கில் எழுதி, ரூட்ஸுக்கு முன்னால் ரெஜிஸ்டர் செய்துவிடுங்கள். எல்லா ரூட்டும் மூடியே இருக்கும். டிசைன் பட்டியல் மாதிரி எல்லாரும் பார்க்கலாம் என்கிற ரூட்டுக்கு மட்டும் அதன் கான்ஃபிகில் பப்ளிக் என்று ஒரு குறி வையுங்கள், ஹூக் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு வழிவிடட்டும். புதிதாக ஃபோல்டர் சேர்க்கிறவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். குறி வைக்க மறந்தால் பக்கம் திறக்காது, உடனே தெரிந்துவிடும். நாங்கள் இப்படித்தான் வைத்திருக்கிறோம், ஆட்டோஹூக்ஸை ஆர்டர் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரியான சின்ன வேலைகளுக்கு மட்டும் விட்டிருக்கிறோம், கேஸ்கேடோடு.

செட்டிங்கை நம்பியதோடு விடாமல் கண்ணாலும் பாருங்கள். பிரிண்ட்ரூட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, சர்வர் ரெடி ஆன பிறகு கூப்பிட்டால் எல்லா ரூட்டையும் மரமாகக் காட்டும். வெறுமனே கூப்பிட்டால் வார்த்தைகளைப் பொது எழுத்து வாரியாக உடைத்துக் காட்டும், படிக்கக் கஷ்டம், காமன்பிரிஃபிக்ஸை ஃபால்ஸ் என்று கொடுங்கள். இன்க்ளூட்ஹூக்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு ரூட்டிலும் எந்த ஹூக் மாட்டியிருக்கிறது என்றும் வரும். இதற்கும் மேலே, ஆன்ரூட் ஹூக்கில் ரெஜிஸ்டர் ஆகிற யூஆர்எல் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, டெஸ்டில் இன்ஜெக்ட் (சர்வருக்குள்ளேயே போலி ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபங்ஷன்) மூலம் ஒவ்வொன்றையும் லாகின் டோக்கன் இல்லாமல் கூப்பிட்டு, பப்ளிக் குறி இல்லாத எல்லாவற்றிலும் 401 (லாகின் இல்லை என்கிற மறுப்பு) வருகிறதா என்று பாருங்கள். சின்ன டெஸ்ட்தான், போர்ட் திறக்க வேண்டியதில்லை, நெட்வொர்க் வேண்டியதில்லை. ஃபோல்டரைத் தானாகப் படிக்கிற எந்த டூலை வைத்தாலும் இந்த டெஸ்ட் இல்லாமல் நான் லைவுக்கு அனுப்ப மாட்டேன். மற்றவர்களுடைய வீட்டு முகவரியும் போன் நம்பரும் நம் கையில் இருக்கிறது.

விண்டோஸ் லேப்டாப்பில் எழுதி லினக்ஸ் சர்வரில் போடுகிறவர்கள் ஃபோல்டர் பெயரைச் சின்ன எழுத்தில் மட்டும் வையுங்கள். ஃபாஸ்டிஃபை முன்னிருப்பாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை வேறுவேறாகவே பார்க்கும். விண்டோஸில் ஃபோல்டரின் முதல் எழுத்தைப் பெரியதிலிருந்து சின்னதாக மாற்றினால் கிட் (கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் டூல்) அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடலாம், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், சர்வரில் 404. வேறு பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள், கிட் மூவ் கொண்டு.

குறை என்று நான் சொல்வது இரண்டு. ஒன்று, ரூட் ஃபைலை யார் கூப்பிடுகிறார்கள் என்று எடிட்டரில் தேடினால் ஒன்றும் வராது, இம்போர்ட்டே இல்லையே. பயன்படாத ஃபைலைக் கண்டுபிடிக்கிற டூல்களும் உங்கள் ரூட்ஸ் முழுவதையும் வேஸ்ட் என்று காட்டக்கூடும், அவற்றுக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். இரண்டாவது பெரியது: ஆட்டோலோட் சர்வர் கிளம்பும்போது டிஸ்கில் இருக்கும் ஃபோல்டரைப் படிக்கிறது. ஈஎஸ்பில்ட் மாதிரி ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சுருட்டினால் படிக்க ஃபோல்டரே இருக்காது. சர்வர்லெஸ்ஸில் (தனி சர்வரைப் பராமரிக்காமல் கிளவுடில் ஓட்டுவது) அப்படி ஒற்றை ஃபைலாக அனுப்புகிறவர்களுக்கு இது சரிவராது, பில்ட் நேரத்திலேயே ரூட்டைக் கணக்கெடுக்கிற, நக்ஸ்ட்டின் சர்வர் பகுதியான நைட்ரோ மாதிரி ஒன்றைப் பாருங்கள். எங்களைப் போல ஒரு விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்) ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது.

ஐந்தாறு ரூட் மட்டும் இருக்கிற சின்ன சைட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரே ஃபைலில் எழுதுங்கள், அதுவே தெளிவு. ரூட் பெருகும், ஆள் மாறும் என்று தெரிந்த வேலைக்கு வையுங்கள். பிளகின் எம்ஐடி லைசென்ஸில் இலவசம், ஃபாஸ்டிஃபை டீமே பராமரிக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஃபாஸ்டிஃபையின் டெர்மினல் டூலான ஃபாஸ்டிஃபை சிஎல்ஐயில் ஜெனரேட் கொடுத்தால் பிளகின்ஸ், ரூட்ஸ் இரண்டு ஃபோல்டரும் ஆட்டோலோடும் தயாராக வரும், ஆனால் அதில் ரூட்பாராம்ஸும் ஹூக் செட்டிங்கும் இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். 2024ல் வந்த ஃபாஸ்டிஃபை 5க்கு நோட் 20 அல்லது அதற்கு மேல் தேவை. பழைய சர்வரில் நோட் 18 ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு இதைத் தொடங்குங்கள்.